பலர் கூடி நிரல் எழுதுதல்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பனி விலகுமுன்னரே தோட்டங்களின் பிரட்டுக்களத்தில் நாட்பணி தொடங்கிவிடுகின்றது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல் துரைமார் வாயினின்று தொழிலாளர் செவிக்கு வந்து ‘பிரட்டு’ என்றாயிற்று. அன்றைக்குக் கொழுந்து எந்த மலையில், எவர் எந்தப் பக்கம் என்பன அங்கேயே வகுக்கப்படும். மலையேறியபின் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு. ஒருத்தியின் நிரையில் மற்றொருத்தி கைவைப்பதில்லை. பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டு, அதன் அளவு அவரவர் பெயருக்கு நேரே பதியப்பெறும். அப்பதிவே செக்றோலில் ஏறி மாதமுடிவிற் கூலியாகும். நூறு பேர் ஒரே மலையில் ஒருவர்மேல் ஒருவர் இடறாமல் உழைப்பதற்கு அவர்தம் நல்லெண்ணம் மட்டும் காரணமன்று. பிரட்டு, நிரை, தராசு, செக்றோல் என்னும் நான்கும் சேர்ந்தே அதனை இயல்விக்கின்றன.

கணினிக்குரிய மென்பொருளை ஆக்குவோரும் இத்தகைய கூட்டுழைப்பாளரே. கணினி செய்யவேண்டியவற்றை வரிவரியாக எழுதிவைத்த ஏட்டினை நிரல் என்கின்றோம். நிரை, நிரல் என்னும் இரு சொற்களும் ஒழுங்குபட நிற்றல் என்னும் ஒரே கருத்தினவாதல் ஈண்டு நினைத்தற்குரியது. ஆயினும் தேயிலை மலைக்கும் நிரலுக்கும் ஒரு பெரும் வேறுபாடுண்டு. மலையிலே ஒருவர் நிரையில் இன்னொருவர் புகுந்தால் கண்ணுக்குத் தெரியும். நிரலிலோ, இருவர் ஒரே வரியில் ஒரே வேளையிற் கைவைத்தாலும் தடுப்பாரில்லை. தம்முள் ஒருவரது உழைப்பு அழிந்துபோயிற்று என்பதைக்கூட அவர்கள் பல நாள் அறியார். இவ்விடரை நீக்கப் பிறந்த கருவிகள் யாவை, அவற்றைக் கையாளும் முறை யாது என்பதை நம் நாட்டிலே நிகழ்ந்த ஒரு முயற்சியைக் கொண்டு ஆராயலாம்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களைத் தாக்கி முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. காணாமற் போனோர் யாவர், எந்த முகாமில் எத்தனைபேர் தங்கியுள்ளனர், எந்த நிறுவனம் எவ்விடத்தில் எவ்வுதவியைச் செய்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை கூறத்தக்க ஒழுங்கான ஏடு எங்கும் இருக்கவில்லை. ஓரிடத்தில் உணவு குவிந்து கெட, மற்றோரிடத்தில் ஒன்றுமே சென்றடையாத நிலை தோன்றிற்று. அவ்வேளையிற் கொழும்பிலிருந்த கணினியாளர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடி ‘சகான’ என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினர். சகான என்பது துயர் தணித்தலைக் குறிக்கும் சிங்களச் சொல். 2003இல் தோற்றுவிக்கப்பட்ட லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு இம்முயற்சிக்கு இருப்பிடமாயிற்று. காணாமற் போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, தேவையையும் உதவியையும் பொருத்தும் ஏடு என்பன அதன் உறுப்புகள். அதன் மூலநிரல் எவரும் எடுத்துப் படிக்கவும் மாற்றவும் உரிமையளிக்கப்பட்டு, சோர்ஸ்போர்ஜ் என்னும் பொதுத்தளத்திலே திறந்து வைக்கப்பட்டது.

இத்தகைய அவசரப் பணியில் எழும் முதல் இடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காணாமற் போனோரைத் தேடும் பக்கத்தின் நிரலை ஒருவர் காலையில் தம் கணினிக்கு எடுத்துச் செல்கின்றார் என்க. பெயர்களின் எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு தேடும் வகையை அதிற் சேர்க்கின்றார். அதே நிரலை மற்றொருவரும் எடுத்துச் சென்று முகாமின் பெயர் தோன்றும் வகையைச் சேர்க்கின்றார். முன்னவர் நண்பகலிலும் பின்னவர் மாலையிலும் தத்தம் படியைப் பொதுக்கணினியில் வைக்க, மாலையில் வந்த படி நண்பகலில் வந்ததை முற்றாக மூடிவிடும். எவரும் பிழை செய்திலர். எனினும் ஒருவரது அரைநாள் உழைப்பு போயிற்று. அன்றியும், எழுத்துமாறிப் பதியப்பட்ட பிள்ளையைத் தேடிவந்த தாய்க்கு ‘இல்லை’ என்னும் விடையே கிடைக்கும். பாடசாலைகளில் வினாத்தாளைப் பலர் கூடித் தயாரிக்கும்போது ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘மெய்யான இறுதி’ எனப் பல கோப்புகள் பெருகுவதையும், அவற்றுட் பழையது அச்சுக்குப் போவதையும் கண்ட ஆசிரியர்க்கு இது புதுமையன்று.

இவ்விடருக்கு மருந்தாவது பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. நிரலில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும், எவர், எப்போது, என்ன மாற்றினார் என்னும் குறிப்போடு வரிசையாக வைத்து, வேண்டியபோது எந்தப் பழைய நிலைக்கும் மீளச் செய்வது அதன் தொழில். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மார்க் றொச்கைண்ட் 1972இல் இத்தகைய கருவியொன்றை ஆக்கினார். 1982இல் வால்ரர் டிச்சி அதனினும் செம்மையான ஒன்றைத் தந்தார். இவையிரண்டும் பூட்டுமுறையின. ஒருவர் ஒரு கோப்பை எடுத்தால் அவர் திருப்பித் தரும்வரை பிறர் அதனைத் திருத்தலாகாது. தோட்டத்து நிரை போன்றதே இம்முறை. ஆனால் நிரையை எடுத்தவர் நோயுற்று வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? பூட்டியவர் மறந்துபோக, மற்றோர் கைகட்டிக் காத்திருந்த கதைகள் அக்காலத்திற் பல.

அடுத்த படி ஓர் ஆசிரியரும் அவர்தம் மாணாக்கர் இருவரும் சேர்ந்து பணிபுரிந்ததால் விளைந்தது. ஆம்ஸ்டர்டாமிலே டிக் கிறூன் என்னும் விரிவுரையாளர் 1984இலும் 1985இலும் இரு மாணாக்கரோடு ஒரு மொழிமாற்றி நிரலை எழுதிவந்தார். மூவர்க்கும் ஓய்வுநேரம் வெவ்வேறு. ஒருவர் பகலில் ஒழுங்காக உழைப்பவர், ஆசிரியர்க்கோ மாலையே வாய்ப்பு. பூட்டுமுறை அவர்க்குப் பொருந்தவில்லை. ஆகவே, பூட்டை நீக்கி, மூவரும் தனித்தனியே எழுதியபின் மாற்றங்களை ஒன்றிணைக்கும் முறையை அவர் வகுத்தார். 1986இல் உலகுக்கு வழங்கப்பட்ட அக்கருவியே சீ.வீ.எஸ். எனப்பட்டது. சகானவின் தொடக்க நிரலைக் காத்ததும் இதுவே.

இணைத்தல் எவ்வாறு நிகழ்கின்றது என்பது அறியத்தக்கது. கருவி இருவர் படிகளை மட்டும் ஒப்பிடுவதில்லை. இருவரும் எங்கிருந்து தொடங்கினரோ அந்த மூலப்படியையும் உடன்வைத்து மூன்றையும் ஒப்பிடுகின்றது. மூலத்திலிருந்து ஒருவர் மட்டும் மாற்றிய வரியாயின், அம்மாற்றத்தை ஏற்கின்றது. இருவரும் ஒரே வரியை இருவேறு வகையில் மாற்றியிருப்பின், தானாக ஒன்றைத் தெரியாது, ‘இங்கே முரண் உளது’ என்று இரண்டையும் எடுத்துக்காட்டி, தீர்ப்பை மனிதரிடம் விடுகின்றது. நல்ல நடுவர் செய்யும் செயலன்றோ இது. எனினும் எழுத்து முரணன்றிப் பொருள் முரணைக் கருவி அறியாது. தேதியை நாள், மாதம், ஆண்டு என எழுதிய நிரலை ஒருவர் ஆண்டை முன்வைத்து எழுதுமாறு மாற்றுகின்றார். வேறு கோப்பிலே இன்னொருவர் பழைய ஒழுங்கை நம்பிப் புதுப்பக்கம் ஒன்றை ஆக்குகின்றார். இரண்டும் இடறின்றி இணையும். விளையும் நிரலோ பிழைபடும். கருவி ‘இணைத்தாயிற்று’ என்றதும் பணி முடிந்ததெனக் கருதும் இளைஞர் இதனால் ஏமாறுவது வழக்கம்.

2005ஆம் ஆண்டில் இத்துறை முற்றும் மாறிற்று. பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் மாணவராயிருந்தபோது தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தை அப்போது பல நாட்டவர் கூடி எழுதிவந்தனர். அவர்கள் 2002 முதற் பயன்படுத்தியது ஒரு நிறுவனத்துக்குரிய கருவி. கட்டணமின்றி அதனைக் கையாளும் உரிமை 2005 ஏப்பிரலிற் பின்வாங்கப்படவே, டோர்வால்ட்ஸ் அம்மாதம் 3ஆம் நாள் தாமே ஒரு கருவியை எழுதப் புகுந்தார். 7ஆம் நாள் அக்கருவி தன் சொந்த நிரலின் வரலாற்றைத் தானே காக்கும் நிலையை எய்திற்று. அதுவே ‘கிற்’. அவ்வாண்டு யூன் மாதத்தில் லினக்ஸின் புதிய பதிப்பே அதன்கண் வெளிவந்தது.

சீ.வீ.எஸ். கருவியில் வரலாறு முழுவதும் ஒரே நடுக்கணினியில் இருக்கும். கிற்றிலோ ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் படியாகும். மழைக்காலத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் அறுந்துபோகும் மலைப்பகுதியில் இருப்போர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். இணையம் இல்லாத வேளையிலும் எழுதலாம், பதியலாம், பழையதைத் திருப்பிப் பார்க்கலாம். தொடர்பு மீண்டதும் பிறரோடு சேர்த்துக்கொள்ளலாம். மேலும், ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்றே கணிக்கப்படும் நாற்பது இலக்க அடையாளம் ஒன்றுண்டு. அக்கணிப்பில் முந்தைய பதிவின் அடையாளமும் சேர்வதால், இடையிலுள்ள பதிவொன்றை எவரேனும் மாற்றின் அதன் பின்னுள்ள அடையாளங்கள் யாவும் மாறிவிடும். ஏட்டின் நடுவே ஓர் இலக்கத்தைச் சுரண்டித் திருத்திவிட்டு ஒன்றும் அறியாதார்போல் இருத்தல் இங்கே இயலாது. பதிவில் உள்ள பெயர் மட்டும் எழுதுவோர் தாமே இட்டுக்கொள்வது என்பதையும் சொல்லவேண்டும். மறைகுறிக் கையொப்பம் இட்டாலன்றி அப்பெயரைக் கருவி சோதிப்பதில்லை.

கருவியைப் பெற்றோர் எல்லாரும் அதன் பயனைப் பெறுவதில்லை. நிரலாளர் ‘கொமிற்’ என்று வழங்கும் ஒவ்வொரு பதிவோடும் ஒரு குறிப்பு எழுதவேண்டும். மாணவர் பலர் அவ்விடத்தில் ‘திருத்தம்’ என்றோ, ‘சில மாற்றங்கள்’ என்றோ எழுதி அமைவர். எதை மாற்றினர் என்பதைக் கருவியே காட்டும். ஏன் மாற்றினர் என்பதை எழுதியவரன்றி வேறெவரும் அறியார். ‘ஒரே பெயருள்ள இருவரை முகாம் பட்டியல் ஒருவராகக் காட்டியது, இனி அடையாள எண்ணையும் சேர்த்து ஒப்பிடும்’ என்று எழுதப்பட்ட குறிப்பு, ஐந்தாண்டு கழித்து அந்த வரியை நீக்க முனைபவரைத் தடுத்து நிறுத்தும். ஒரு பதிவில் ஒரு நோக்கமே அமைதல் வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது. பத்து வேறு மாற்றங்களை ஒரு மூட்டையாகக் கட்டினால், அவற்றுட் பிழையான ஒன்றை மட்டும் பின்னர் களைதல் அரிதாகும். அவ்வாறே, தனிக்கிளையில் எழுதுவோர் அதனைப் பொதுநிரலோடு அடிக்கடி இணைத்துவிடுவது நலம். ஏறக்குறைய வாரத்துக்கொருமுறை பறிக்காத கொழுந்து முற்றிவிடுவதுபோல, மாதக்கணக்கிற் பிரிந்துநின்ற கிளையும் முற்றிப்போய் இணையாது.

தமிழில் நிரலின் சொற்களையோ விளக்கங்களையோ எழுதுவோர்க்குத் தனியே ஓர் இடருண்டு. அதனை அறியாது பட்ட அலைச்சல் பலருடையது. ‘கொழுந்து’ என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கணினியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின் பின் ஒகரக்குறி ஒன்றே வருவது ஒருவகை. எகரத்தின் கொம்பும் அதன்பின் காலும் என இரு குறிகள் வருவது மற்றொருவகை. இரண்டும் ஒத்த மதிப்புடையன என்றே யூனிக்கோட் விதி கூறும். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கிற்றோ எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்ப்பது. ஆகவே ஒருவர் முதல் வகையில் எழுதிய கோப்பை இன்னொருவரது விசைப்பலகை இரண்டாம் வகையில் திருப்பிச் சேமித்தால், ஒரு சொல்லும் மாறாதிருக்க நூறு வரிகள் மாறியதாகக் கருவி அறிவிக்கும். மெய்யான மாற்றம் அக்கூட்டத்துள் மறைந்துபோம். ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் இது பொருந்தும். இது வெறும் அலைச்சல் மட்டுமன்று. காணாமற் போனோர் ஏட்டிலே ‘கோபால்’ என்னும் பெயர் ஒருவகையிற் பதியப்பட்டு, தேடுவோர் மற்றொருவகையில் எழுதினால், ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணராத நிரல் அப்பெயர் இல்லை என்றே சொல்லும். குழுவினர் தொடக்கத்திலேயே ஒரு வடிவைத் தெரிந்து, கோப்புகள் யாவும் அவ்வடிவிலேயே சேமிக்கப்படுமாறு விதித்தல் வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிற் பெயர் எழுதப்படும் நாட்டில் இது சிறு செய்தியன்று.

அடுத்து, பிறர் எழுதியதைப் பார்வையிடல். 1976இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கல் பேகன் நிரலைப் பலர் கூடி வாசித்துப் பிழை களையும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். இன்றைக்கு அது பெரும்பாலும் எழுத்து மூலமே நடைபெறுகின்றது. கிற்ஹப் முதலிய தளங்களில் ஒருவர் தம் கிளையை முன்வைத்து ‘இதனை ஏற்றுக்கொள்க’ என வேண்ட, மற்றோர் வரிக்கு வரி கருத்துரைப்பர். 1999இல் நிறுவப்பட்ட அப்பாச்சி அமைப்பில் ஏற்பவர் கூட்டற்குறியும் ஒன்றும், மறுப்பவர் கழித்தற்குறியும் ஒன்றும் இடுவர். நிரல் மாற்றத்தை மறுப்பவர் தக்க தொழில்நுட்பக் காரணம் காட்டவேண்டும். காரணமற்ற மறுப்புச் செல்லாது. வாய்ப்பேச்சில் முடிவானவையும் பொது மடலாடற் குழுவில் எழுதப்பட்டாலன்றி முடிவாகக் கொள்ளப்படா. இம்மரபிலே இலங்கையர் பலர் பயின்று சிறந்தனர். லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசனைத் தோற்றுவித்த கலாநிதி சஞ்சீவ வீரவர்ணவும் அவர்தம் குழுவினரும் அப்பாச்சியின் பல திட்டங்களில் முன்னின்றவர்கள். 2005 தொடக்கம் கூகிள் நிறுவனம் நடத்திய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகப் பல்கலைக்கழகங்களுள் மிகுதியான மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே.

பார்வையிடலிலே நம்மவர்க்குத் தடையாவது மரியாதை பற்றிய ஒரு மயக்கம். மூத்தவர் எழுதிய நிரலிற் பிழைகண்ட இளையவர், ‘சேர் எழுதியதை எப்படிச் சொல்வது’ என்று வாளாவிருப்பர்; தமக்குப் பிழை சொல்லப்பட்டாலோ முகம் வாடுவர். ‘நீங்கள் பிழைவிட்டீர்கள்’ என்பதற்கு மாறாக ‘இந்த வரி வெறுமையான பெயரைப் பெற்றால் என்னாகும்?’ என்று வினவினால் மரியாதையும் கெடாது, பிழையும் நீங்கும். ஐம்பது வரி மாற்றத்தை ஒருவர் கூர்ந்து வாசிப்பார். இரண்டாயிரம் வரியைத் தந்தாலோ, ‘நன்று’ என்று சொல்லிக் கடந்துபோவார். இதனை எந்நாட்டிலும் காணலாம்.

குறைகளையும் தேவைகளையும் எண்ணிட்டுப் பதியும் ஏடும், ஒவ்வொரு மாற்றம் வந்தபோதும் நிரலைத் தானாகச் சோதிக்கும் பொறியும் இக்காலக் குழுக்களில் இன்றியமையாதன. முன்னது பிரட்டுக்களத்துக்கு ஒப்பானது. எவர் எதை ஏற்றுக்கொண்டார் என்பது அங்கே எல்லார்க்கும் தெரியும். ஒரே குறையை இருவர் தனித்தனியே தீர்க்க முயன்று வீணாவது இல்லை. மேற்கூறிய தேதிப்பிழை போன்றவற்றைப் பின்னது பிடிக்கும், அதற்குரிய சோதனையை முன்னரே எழுதிவைத்திருந்தால்.

இனி, ஆட்பெருக்கம் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் இயங்குதளத் திட்டமொன்றை நடத்திய பிரெட் புறூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில், காலந்தாழ்ந்த மென்பொருட் பணிக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் தாழும் என்றார். காரணம் எளிய கணக்கு. ஐவர் உள்ள குழுவிற் பேச்சுத்தொடர்பு 10, பதின்மர்க்கு 45, ஐம்பதின்மர்க்கு 1,225. பேரிடர் வேளையில் நல்லுள்ளம் கொண்டோர் திரண்டு வருவர். வந்தோர்க்கெல்லாம் நடப்பை விளக்குவதிலேயே தொடங்கினோரின் நாள் கழியும். எழுதப்பட்ட வரலாறும் குறைப்பதிவேடும் இருப்பின், புதியவர் பிறரைக் கேளாமலே பாதியை அறிந்துகொள்வார்.

வந்தோர் திரும்பிப் போவதும் உண்டு. ஆழிப்பேரலையின் முதல் அவசரம் தணிந்ததும் தொண்டர்கள் தத்தம் தொழிலுக்கு மீண்டனர். ஆயினும் சகான அழியவில்லை. எந்நாட்டுப் பேரிடர்க்கும் பொருந்துமாறு அது 2005இல் திருத்தி எழுதப்பட்டது. அவ்வாண்டு ஒக்தோபரிற் பாக்கித்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் ஆகியவற்றின்போதும் அது பயன்பட்டது. சமூகநலத் திட்டங்களுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2005ஆம் ஆண்டுக்கு விக்கிப்பீடியாவுக்கும், 2006ஆம் ஆண்டுக்குச் சகானவுக்கும் உரியதாயிற்று. பின்னர் அது பைத்தன் மொழியில் ‘ஈடன்’ என்னும் பெயரோடு புதிதாக எழுதப்பட்டு, 2010இல் எயிட்டி நாட்டு நிலநடுக்கத்தின்போது பணியாற்றிற்று. கொழும்பில் அந்தக் கிழமைகளிற் கண்விழித்தோருள் எவரையும் நேரிற் கண்டிராதோர் அப்பணியைத் தொடர்ந்தனர்.

தொழிற்சாலையைச் சென்றடைந்த கொழுந்து வாடி, நசுங்கி, உலர்ந்து, சலிக்கப்பட்டுத் தூளான பின்னர் அதில் எந்தப் பிடி எவர் பறித்ததென்று கூறவியலாது. பெயர் செக்றோலோடு நின்றுவிடும். நிரலில் அவ்வாறன்று. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக எழுதியவர் எவர், எந்நாள், எந்தப் பதிவில் எழுதினார் என்பதை வரிசையாகக் காட்டும் ஆணை ஒன்று கிற்றில் உண்டு. ஆங்கிலத்திற் ‘பழி’ எனப் பொருள்படும் ‘பிளேம்’ என்பது அதன் பெயர். பெயர் அவ்வாறாயினும், அனுபவமுள்ள நிரலாளர் அதனைப் பெரும்பாலும் பழிப்பதற்காக இயக்குவதில்லை. விளங்காத வரியொன்றைக் கண்டால், அதனைப் பற்றி எவரிடம் கேட்கலாம் என்று அறிவதற்கே இயக்குகின்றனர்.